படையிலிருந்து வீடு திரும்பியவர்களின் மனம்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

கோவை, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களிலிருந்து ராணுவத்தினர், முன்னாள் படைவீரர்கள், அவர்தம் குடும்பத்தார் ஆகியோரின் மனநலம் பற்றி வந்த கடிதங்களுக்கு, கோவையில் பணிபுரியும் மனநல மருத்துவர் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார். எழுதியவர்களின் பெயர்களையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் 22 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். காஷ்மீரில் இருந்தபோது உடனிருந்தவர் ஒருவர் கண்ணெதிரே இறந்துவிட்டதாகச் சொல்வார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் வராது. இரவில் நான்கைந்து முறை எழுந்து கேட்டைப் பார்த்துவிட்டு வருகிறார். பக்கத்துக் கல்குவாரியில் வெடி வைத்தால் உடம்பெல்லாம் வேர்த்துவிடுகிறது. நங்கையாள் மகன் கல்யாணத்தில் மண்டபத்துக்குள் வராமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். பூச்சாட்டு சமயத்தில் அதிர்வேட்டு போடுவார்கள் என்பதால் அந்த வாரம் முழுவதும் அவரை என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். காத்து கருப்பு என்று மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. நடந்ததை மறந்துவிடுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். இது சரியாகுமா? (வாசகி, தாராபுரம் வட்டம்)

பதில்: சரியாகக்கூடியது. சிலருக்கு முழுமையாகவும் சிலருக்கு ஓரளவுக்கும் குணம் தெரியும் என்ற வேறுபாடு உண்டே தவிர, கைவிட வேண்டிய நிலை அன்று. நடந்தது கனவாகவும் உடல் நடுக்கமாகவும் திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் ஒதுக்குவது, ஆட்களிடமிருந்து மனம் விலகிப்போவது, ஆபத்து எந்நேரமும் அருகில் இருப்பதுபோல் விழிப்பாகவே இருப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து வாழ்க்கையைக் குலைக்குமானால், நேரில் பரிசோதித்த பின்பு அதைப் பிடிஎஸ்டி என்று மருத்துவர்கள் முடிவு செய்கிறார்கள். பேரதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் மனஉளைச்சல் நோய் அது. கடிதத்தை மட்டும் வைத்து நான் அந்த முடிவுக்கு வர மாட்டேன். தைராய்டுக் கோளாறு, தலையில் பட்ட பழைய அடி, குண்டுவெடிப்பின் அதிர்வால் மூளைக்கு நேர்ந்த காயம் ஆகியவையும் இதே போன்ற தூக்கக்கேட்டையும் எரிச்சலையும் தருமாதலால், அவற்றையும் பார்த்தாக வேண்டும்.

‘மறந்துவிடுங்கள்’ என்று நீங்கள் எல்லோரும் அன்போடு சொல்லும் அறிவுரையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1901, 1902-ஆம் ஆண்டுகளில் நம் பக்கத்து நீலகிரிக்கு வந்து தோடர்களின் வாழ்க்கைமுறையை ஆராய்ந்தவர். முதல் உலகப்போரின்போது அவர் எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையில், அக்காலத்தில் ‘ஷெல் ஷாக்’ என்று பெயர் பெற்றிருந்த நோயோடு வந்த அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்தார். போர்க்களத்தில் கண்டதை நினைக்கவே கூடாது என்று உறவினரும் மருத்துவரும் சொல்ல, அதன்படி பகல் முழுவதும் அடக்கி வைத்தவர்களுக்கே இரவில் அது பன்மடங்காகத் திரும்பி வந்ததை அவர் கவனித்தார். 1917 டிசம்பரில் மருத்துவர்கள் கூட்டமொன்றில் அதை எடுத்துரைத்தார். அந்த நோய் இன்றைய பெயருடன் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இடம்பெற்றது 1980-இல்தான். ஆனால் அடக்குவதால் நினைவு அழிவதில்லை என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி. இன்றைய சிகிச்சைகளில் வலுவானவை அனைத்தும் அதன்மேல் நிற்பவையே.

உங்கள் வீட்டில் நடப்பதையே பாருங்கள். அவர் எழுந்து கேட்டைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும், பார்த்ததனால்தான் ஒன்றும் நேரவில்லை என்று மனம் கணக்கு வைத்துக்கொள்கிறது. மண்டபத்துக்குள் நுழையாதபோது அந்த நேரத்துக்கு நெஞ்சுப் படபடப்பு தணிகிறது. ஆனால் கூட்டம் ஆபத்தானது என்ற எண்ணம் இன்னும் உறுதிப்படுகிறது. பூச்சாட்டுக்கு அவரை அனுப்பிவிடும்போது குடும்பமே சேர்ந்து அந்த எண்ணத்துக்குத் துணை போகிறது. இதில் உங்கள் மீது குற்றம் எதுவும் இல்லை; அவர் படும் பாட்டைக் கண்டு பொறுக்காமல் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஏற்பாடு பெருகப் பெருக அவர் நடமாடும் இடம் சுருங்கிக்கொண்டே போகும்.

அடக்கி வைத்த நினைவையும் ஒதுக்கிய இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பதே சிகிச்சை. அமெரிக்காவில் எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் அதற்கென உருவாக்கிய முறையில், வாரம் ஒன்று அல்லது இரண்டு அமர்வாக, அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் 8 முதல் 15 அமர்வுகள் நடக்கும். முதல் ஓரிரு அமர்வுகளில் நோயின் இயல்பை விளக்குவதும் மூச்சை நிதானமாக விடப் பழக்குவதும்தான் வேலை. அதன்பின் உங்கள் கணவர் கண்களை மூடிக்கொண்டு, அந்த ஒரு நாளை இப்போது நடப்பதுபோலச் சொல்வார்: ‘பனி பெய்கிறது, நான் இரண்டாவதாக நடக்கிறேன், அவன் திரும்பி என்னைப் பார்க்கிறான்.’ முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. நடுவில் நிறுத்தி, இப்போது பதற்றம் நூற்றுக்கு எவ்வளவு என்று மருத்துவர் கேட்பார். முதல் நாளில் தொண்ணூறு என்பவர் நான்காம், ஐந்தாம் அமர்வில் ஐம்பது என்பதைப் பார்க்கலாம். அந்தப் பேச்சைப் பதிவு செய்து, வீட்டில் தினமும் ஒருமுறை கேட்கச் சொல்வார்கள். இதோடு ஒரு பட்டியலும் உண்டு. கூட்டமில்லாத நேரத்தில் தாராபுரம் பேருந்து நிலையத்தில் சுவரில் முதுகைச் சாய்க்காமல் அரைமணி நேரம் உட்காருவது, அடுத்து சந்தை நாளில் அதே இடம், அதன்பின் கல்யாணப் பந்தியில் வாசலுக்குப் பக்கத்து இலையை விட்டு நடு இலையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்று படிப்படியாக ஏறி, கடைசியில் அதிர்வேட்டு போடும் நாளில் ஊரிலேயே இருப்பது. இதை நீங்களாக வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. முன்னறிவிப்பில்லாமல் ஒருவரை வெடிச்சத்தத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவது கொடுமையாகும். அவர் ஒப்புதலோடு, அவர் வகுத்த வரிசையில், பயிற்சி பெற்றவர் துணையோடு நடந்தால்தான் அது சிகிச்சை.

பாட்ரீஷியா ரெசிக் வகுத்த இன்னொரு முறை 12 அமர்வுகள் கொண்டது. நடந்ததைக் காட்டிலும் அதைப் பற்றி மனத்தில் தங்கிவிட்ட தீர்ப்பை, உதாரணமாக ‘நான் முன்னால் போயிருந்தால் அவன் பிழைத்திருப்பான்’ என்பதை, எழுதச் செய்து அது எந்த அளவுக்கு உண்மை என்று சேர்ந்து ஆராய்வார்கள். கண்களை இடவலமாக அசைக்கச் செய்தபடியே நினைவைக் கையாளும், 1980-களின் இறுதியில் ஃபிரான்சீன் ஷாபிரோ தொடங்கிய முறையும் பயனுள்ளதென்று ஏற்கப்பட்டிருக்கிறது. ராணுவத்தினரிடையே முதல் இரண்டு முறைகளையும் சோதித்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் ஜாமா மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை, 49 முதல் 70 சதவீதம் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் ஏற்பட்டதென்றும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சிகிச்சை முடிந்த பின்னும் நோய் முழுவதும் அகலவில்லை என்றும் கூறுகிறது. இரண்டையும் சேர்த்தே உங்களிடம் சொல்கிறேன், ஏனெனில் பொய்யான உறுதிமொழியோடு சிகிச்சைக்கு வந்தவர் மூன்றாம் அமர்விலேயே நின்றுவிடுவார்.

கோயில் கயிறு கையில் இருக்கட்டும், அதனால் கேடில்லை. அவரிடம் ‘மறந்துவிடுங்கள்’ என்று சொல்வதை மட்டும் இன்றோடு நிறுத்திவிட்டு, ‘சொல்ல வேண்டுமென்று தோன்றினால் நான் கேட்கிறேன், டாக்டரிடம் போகும்போது நானும் வருகிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நான் முன்னாள் ராணுவத்தினன். ஓய்வு பெற்றது முதல் கேன்டீனில் வாங்கும் ரம் இரண்டு பெக் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. இப்போது அது நான்காகிவிட்டது. கனவு வராமல் தூங்க நல்ல மாத்திரை இருந்தால் எழுதவும். (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: மது முதலில் தூக்கத்தை வரவழைக்கும், பின்னிரவில் அதுவே தூக்கத்தை உடைக்கும். கனவு காணும் உறக்கநிலையை முன்னிரவில் அது அமுக்கிவிடுவதால், விடியற்காலையில் அந்நிலை மிகுந்து திரும்பி வருகிறது. கெட்ட கனவுகள் மூன்று மணிக்கு வந்து எழுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம். நாளாக ஆக அதே அளவு போதாமல் இரண்டு நான்காகும்.

இதற்காக மருந்துக்கடையில் தாமாகவே அல்பிரசோலம், டயஸிபம் போன்ற தூக்க மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொள்பவர்களைப் பார்த்து நான் அஞ்சுகிறேன். பிடிஎஸ்டிக்கு இவ்வகை மாத்திரைகள் வேண்டாம் என்று அமெரிக்காவின் படைவீரர் மருத்துவத் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து வகுத்த சிகிச்சை நெறிமுறையே சொல்கிறது. மதுவோடு சேர்ந்தால் இவை மூச்சையே அடக்கிவிடக்கூடும். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுவருபவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவர் சொல்படி குறைக்க வேண்டும். பிடிஎஸ்டிக்கென்று ஏற்கப்பட்ட மருந்துகள் செர்ட்ரலின், பராக்ஸ்டின் ஆகியவை, வென்லாஃபாக்ஸினும் பயன்படுகிறது. இவை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். கெட்ட கனவுக்கு ரத்த அழுத்த மருந்தான பிரசோசின் உதவுமென்று சிறிய ஆய்வுகள் சொல்லிவந்தன. 304 முன்னாள் படைவீரர்களிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் வெற்று மாத்திரையைவிட அது சிறப்பாக வேலை செய்யவில்லை. தனிப்பட்ட சிலருக்குப் பயன்படுவதால் அதை இன்னும் எழுதித் தரும் மருத்துவர்கள் உண்டு. எழுந்து நிற்கையில் தலைசுற்றலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் நான்கு பெக் என்று எழுதியிருப்பது உண்மையில் எவ்வளவு என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். தினமும் மிகுதியாகக் குடித்துவந்தவர் சபதம் போட்டுக்கொண்டு ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களுக்குள் வலிப்போ சித்தப்பிரமையோ வரலாம். அது உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் சில நாட்கள் இருந்து, தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் உரிய மருந்தும் பெற்று நிறுத்துவதுதான் பாதுகாப்பு. முதலில் குடியை நிறுத்திவிட்டு வா, பிறகு மனத்தைப் பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பும் வழக்கம் பழையது. இரண்டுக்கும் ஒன்றாகவே சிகிச்சை தரலாம் என்பதே இன்றைய நிலை. உங்கள் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை: தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள் என்று விளம்பரம் செய்யும் குடிமறப்பு மருந்துகளை வாங்காதீர்கள். அதில் மதுவோடு சேராத டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அவர் அறியாமல் குடித்துவிட்டால், ரத்த அழுத்தம் சரிந்து இதயமே நின்றுபோகலாம்.

கேள்வி: 1988-இல் இலங்கைக்குச் சென்ற அமைதிப்படையில் இருந்தேன். எனக்குத் தமிழ் தெரியுமென்பதால் வீடுகளைச் சோதிக்கப் போகையில் முன்னால் நிற்பேன். ஒரு வீட்டில் வயதான அம்மா என் கையைப் பிடித்து, மகனை விடச்சொல்லி என் தமிழிலேயே கெஞ்சினார். நான் கையை உதறிவிட்டு வந்தேன். அந்தப் பையன் என்ன ஆனான் என்று தெரியாது. பணியில் இருந்தவரை நினைவு வரவில்லை. மகன்களுக்குக் கல்யாணம் முடித்து, தோட்டத்தில் தனியாக இருக்கும் இந்த வயதில் தினமும் வருகிறது. பயம் எதுவும் இல்லை, உறுத்தல்தான். பவானிசாகரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைக்கிறேன். (வாசகர், பவானி)

பதில்: ஐயா, இந்தக் கடிதத்தை எழுத உங்களுக்கு எவ்வளவு நாள் ஆகியிருக்கும் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. 1987 ஜூலை இறுதியில் சென்று 1990 மார்ச்சில் திரும்பிய அந்தப் படையில் தமிழ் பேசும் வீரர்கள் சுமந்த சுமை மற்றவர்களுடையதிலிருந்து வேறானது. அழுகையும் கெஞ்சலும் வசவும் அவர்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பில்லாமல் நேராகக் காதில் விழுந்தன.

பயம் இல்லை, உறுத்தல்தான் என்று நீங்களே பிரித்துச் சொல்லியிருப்பது மிகச் சரியானது. பாஸ்டன் நகரில் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜோனத்தன் ஷே என்ற மனநல மருத்துவர், பயத்தால் வரும் நோயோடு அறத்தில் பட்ட காயமும் உண்டு என்று 1990-களில் எழுதினார். மேலதிகாரிகள் நம்பிக்கையைக் குலைத்ததையே அவர் முதன்மையாகக் கொண்டார். பிரெட் லிட்ஸ் முதலிய ஆய்வாளர்கள் 2009-இல் அதை விரித்து, ஒருவர் தாமே செய்ததும் செய்யத் தவறியதும் அப்படிக் காயமாகும் என்றார்கள். காயம் பட்டிருக்கிறதென்றால் காயப்படக்கூடிய மனசாட்சி உள்ளே உயிரோடு இருக்கிறது என்றே பொருள். அதை நோய் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது தூக்கத்தையும் பசியையும் பேச்சையும் தின்னத் தொடங்கும்போது மருத்துவம் தலையிட வேண்டியிருக்கிறது.

ஓய்வுக்குப் பின், பிள்ளைகள் அவரவர் வழியில் போன பின், பழைய போர்நினைவுகள் முதன்முறையாக மேலெழுவது முதிய படைவீரர்களிடம் பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது. வேலையும் பொறுப்பும் அதுவரை அதை மூடி வைத்திருந்தன. வயதாகிவிட்டதால் சிகிச்சை பலிக்காது என்று எண்ண வேண்டாம். எழுபதைத் தாண்டியவர்களுக்கும் பலன் கிடைக்கிறது.

‘உங்கள் மேல் தவறில்லை, கட்டளைக்குக் கீழ்ப்படிந்தீர்கள்’ என்று நானும் சொல்லிவிடலாம். பலர் சொல்லியுமிருப்பார்கள், அது உங்களுக்குள் இறங்கியிருக்காது. லிட்ஸின் குழுவினர் உருவாக்கிய சிகிச்சையில் அப்படி அவசரமாக விடுதலை தருவதில்லை. நடந்ததை முழுவதும் சொன்ன பிறகு, நீங்கள் மிகவும் மதிக்கிற, உங்கள்மேல் அன்புள்ள ஒருவர் எதிரில் உட்கார்ந்திருப்பதாகக் கொண்டு அவரிடம் அதைச் சொல்லச் செய்வார்கள். அவர் என்ன சொல்வார் என்பதையும் உங்கள் வாயாலேயே சொல்லச் செய்வார்கள். உங்களுக்கு அது உங்கள் அப்புச்சியாக இருக்கலாம், பழைய சுபேதார் ஒருவராக இருக்கலாம், அந்தத் தாயாகவேகூட இருக்கலாம். அன்று உங்கள் வயது என்ன, கையில் இருந்த அதிகாரம் எவ்வளவு, கையை உதறாமல் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற கேள்விகள் அப்போதுதான் உண்மையான கேள்விகளாகும். சிலருக்கு அதன் முடிவில் தவறே இல்லை என்று தெரியவரும். சிலருக்குத் தவறின் அளவு சரியாகத் தெரியவரும். அளவு தெரிந்த குற்றத்தோடு வாழ முடியும், அதற்கு ஈடாக ஏதேனும் செய்யவும் முடியும்.

முகாமுக்குப் போவதைப் பற்றி என் கருத்து இது. மன்னிப்புக் கேட்கவென்று இப்போது போகாதீர்கள். அங்கிருப்பவர்களில் பலர் தங்கள் இழப்புகளை ஒருவாறு ஆற்றிக்கொண்டு வாழ்பவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் வந்து தம் பாரத்தை இறக்கி வைத்தால், அதை ஏற்கவோ மறுக்கவோ வேண்டிய கட்டாயம் அவர்கள்மேல் விழுகிறது. அவர்கள் கேட்காத சுமை அது. சிகிச்சையில் சில மாதங்கள் கழிந்தபின், அங்குள்ள பிள்ளைகளின் படிப்புக்கோ, சீருடைப் பணிக்கான உடற்பயிற்சிக்கோ உரிய அனுமதியோடு, பதிலுக்கு எதையும் எதிர்பாராமல் உதவ முடியுமானால் தாராளமாகச் செய்யுங்கள்.

கேள்வி: மகன் வடக்கே எல்லையில் பணியில் இருக்கிறான். தூக்கமில்லை, துப்பாக்கியைத் தொட்டாலே கை நடுங்குகிறது என்கிறான். சொன்னால் மெடிக்கல் கேட்டகிரி இறங்கிவிடும், பிரமோஷன் போய்விடும் என்று பயப்படுகிறான். இங்கே பங்காளிகளோடு வரப்புத் தகராறு வேறு. அதையும் அவனிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். (வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: அவன் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. ராணுவத்தின் ‘ஷேப்’ என்ற உடல்தகுதி முறையில் முதல் எழுத்தே மனநலத்தைக் குறிப்பது. சிகிச்சையில் இருக்கும்போது அந்தத் தரம் இறங்கலாம், ஆயுதப் பணியிலிருந்தும் உயர்ந்த மலைப்பகுதியிலிருந்தும் சில காலம் விலக்கி வைக்கலாம். ஆனால் தற்காலிகமாக இறங்கிய தரம் மறுபரிசோதனையில் மீண்டும் உயர வழியுண்டு. கை நடுங்கும் நிலையில் ஆயுதத்தோடு காவலில் நிற்பது அவனுக்கும் உடனிருப்பவர்களுக்கும் ஆபத்து என்பதை அதனோடு எடை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படைப்பிரிவின் மருத்துவ அதிகாரியிடம் அவனே போவதுதான் நேர்வழி. அதற்குத் தயங்கினால், ராணுவத்தினருக்கென்றே புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரில், தொலைபேசி வழியே மனநல ஆலோசனை தரும் அரசுச் சேவையான டெலி மானஸின் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் பேசத் தொடங்கலாம்.

வரப்புத் தகராறைப் பற்றித் தொலைபேசியில் நாள்தோறும் சொல்வதால் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவனால் ஒன்றும் செய்ய இயலாது. இரவுக் காவலில் அதையே நினைத்துக்கொண்டிருப்பான். பணியிலிருக்கும் வீரர்களின் குடும்ப மனுக்களை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வாங்கி மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பும். அங்கே மனுக் கொடுத்துவிட்டு, கொடுத்துவிட்டேன் என்ற செய்தியை மட்டும் அவனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: உளவியல் முதுகலை படிக்கிறேன். போருக்குப் போன எல்லோருக்கும் பிடிஎஸ்டி வருமா? வெளிநாட்டு ஆய்வுகள் நம் ஊருக்குப் பொருந்துமா? (மாணவி, கோவை)

பதில்: எல்லோருக்கும் வராது, பெரும்பாலோருக்கு வராது. வியட்நாம் போருக்குச் சென்று திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களிடம் நடத்தி 1988-இல் முடிந்த ஆய்வு, ஆண்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய் இருந்ததென்றது. பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டு 2006-இல் மறுபடி கணக்கிட்டபோது அது 18.7 சதவீதமாகக் குறைந்தது. பிரிட்டனில் லண்டன் கிங்ஸ் கல்லூரி 2018-இல் வெளியிட்ட கணக்கில் மொத்தத்தில் 6 சதவீதம். ஆனால் நேரடிப் போர்ப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்களில் 17 சதவீதம். ஒரே நோய்க்கு இவ்வளவு வேறுபட்ட எண்கள் வருவதிலிருந்தே, யாரிடம், எப்போது, எப்படிக் கேட்டோம் என்பது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குப் புரியும்.

இங்கே ஆராய நிறைய இருக்கிறது. நம் மக்கள் நெஞ்சுவலி என்று இதய மருத்துவரிடமும், உடம்பெரிச்சல் என்று பொது மருத்துவரிடமும் போய்ச் சோதனைகள் எல்லாம் சரியென்று வந்த பிறகே எங்களிடம் வருகிறார்கள். பிடிஎஸ்டி அறிகுறிகளை அளக்க உலகெங்கும் பயன்படும் பிசிஎல்-5 என்ற 20 கேள்விகள் கொண்ட படிவத்தை அப்படியே நீட்டினால் இவர்கள் நழுவிவிடுவார்கள். கூட்டுக்குடும்பமும் விவசாயமும் துணையாகின்றனவா, மறைக்கும் திரையாகின்றனவா என்பதும் நல்ல ஆய்வுப்பொருள். இதுவரை போதைப்பொருளாக அறியப்பட்ட எம்டிஎம்ஏ போன்ற புதிய மருந்துகளைப் பற்றி உற்சாகமாகப் பேசப்படுகிறது. ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் கட்டுப்பாடுகளோடு அனுமதித்திருக்கிறது, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போ 2024 ஆகஸ்டில் மறுத்துவிட்டது. முதுகலை மாணவி அதைவிட, பேச்சு வழிச் சிகிச்சையை நம் மக்களின் தமிழில் கற்றுத்தரும் வேலையில் இறங்கினால் பயன் அதிகம்.

கேள்வி: முன்னாள் ராணுவத்தினரான அப்பா வங்கியில் கன்மேன் (துப்பாக்கியேந்திய காவலர்) வேலை பார்த்தவர். இப்போது ‘நான் இருந்து யாருக்கு என்ன’ என்கிறார். வீட்டில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. நேராகக் கேட்கப் பயமாக இருக்கிறது. (வாசகி, காங்கேயம்)

பதில்: இதழ் வரும்வரை காத்திருக்க வேண்டாமென்று உங்களுக்கு உடனே தனியாகவும் எழுதிவிட்டோம். உயிரை விட வேண்டுமென்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, பலருக்கு ஆறுதலே கிடைக்கிறது. துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ பாதுகாத்து வைக்க உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படையுங்கள். தோட்டத்துச் சாளையில் பூச்சிமருந்து இருந்தால் அங்கிருந்து அகற்றி வேறிடத்தில் பூட்டி வையுங்கள், சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பெரும்பாலும் குறுகியது. அந்த நேரத்தில் கைக்கெட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றிவிடும். அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற அச்சமும் வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருப்பவராகவே கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமையை அரசின்மேல் வைத்திருக்கிறது.

கேள்வி: கணவர் ராணுவத்தில் இருந்தார், இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. குடும்ப ஓய்வூதியம் வருகிறது. எனக்கே இப்போது எதிலும் பிடிப்பில்லை. முன்னாள் படைவீரர் திட்டத்தில் நான் மனநல மருத்துவம் பெறலாமா? தம்பி மத்திய ரிசர்வ் போலீஸில் இருந்தவன், அவனுக்கும் உண்டா? (வாசகி, ஈரோடு)

பதில்: நீங்கள் பெறலாம். 2003 ஏப்ரலில் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டத்தில் குடும்ப ஓய்வூதியம் பெறும் மனைவியருக்கும் இடமுண்டு. திட்ட அட்டையோடு உங்களுக்குரிய பாலிகிளினிக்குக்குச் சென்றால், அங்குள்ள மருத்துவர் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை எழுதுவார்; அவசரமானால் பரிந்துரை இல்லாமலும் அம்மருத்துவமனையில் சேரலாம். அட்டை இல்லையென்றால் கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணை, இறப்புச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். அட்டை வரும்வரை அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். என்ன நோய் என்பதை உங்கள் ஒப்புதலின்றி மற்றவரிடம் சொல்லக் கூடாதென்று சட்டம் மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகிறது.

ரிசர்வ் போலீஸ் படை முப்படைகளில் சேராதது என்பதால் தம்பிக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அவர்களுக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவ ஏற்பாடுகள் தனியே உள்ளன. அரசு மருத்துவமனையும் 14416 என்ற எண்ணும் அவருக்கும் திறந்தே இருக்கின்றன, தமிழிலேயே பேசலாம்.